இரண்டாவது பெட்டியில் இருந்த முகம்

இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில்: பேய்ப்பட முகமூடிகளில் திரையில் வந்தது எது, அதைப் பார்த்துச் செய்தது எது என்று பிரித்துச் சொல்லும் அதிகாரம் உலகத்திலேயே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் எழுதிய புத்தகத்தின் பின்னட்டை அப்படித்தான் சொன்னது. பின்னட்டையை எழுதியவரும் அவரே.

'நிபுணர்' என்று அழைத்தால்தான் திரும்பிப் பார்ப்பார். மனைவி விட்டுப் போன பதினோரு வருடமாக வீட்டில் அப்படியோ வேறெப்படியோ அழைக்க யாரும் இல்லை; திரும்ப வேண்டிய அவசியமும் வரவில்லை.

அன்று மதியம் சினிமா அருங்காட்சியகத்திலிருந்து இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்றில் அசல், மற்றதில் நகல். இடம் மாற்றியபோது சீட்டுகள் கிழிந்துவிட்டனவாம். எது எது என்று மறுநாளுக்குள் அவர் எழுதித் தர வேண்டும். தப்பினால் புத்தகத்தோடு பின்னட்டையின் மானமும் கப்பலேறும்.

அசலுக்கு ஏழு அடையாளங்கள். தாடைக்குக் கீழே மிளகளவு காற்றுக்குமிழி, இடது புருவத்தில் வண்ணம் வெடித்த கோடு, இப்படி ஏழு. முதல் முகமூடியில் ஏழும் இருந்தன. திருப்தியோடு, சும்மா கடமைக்கு, இரண்டாவதைத் திறந்தார்.

அதிலும் ஏழும் இருந்தன.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். குற்றம் எப்போதும் கண்ணாடியுடையதுதான். ஜன்னலில் வெயில் சாய்ந்து, குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை முனகி அடங்கி, பழைய ரப்பரின் புளித்த வாடை மேஜையிலிருந்து எழுந்து, யாரோ அருகில் வாய் திறந்து மூச்சு விடுவது போல அவர் கழுத்தில் வெதுவெதுப்பாகப் படிந்தது.

நிபுணர்கள் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. அதைச் செய்தார். குழப்பம் வராதிருக்க, முதல் முகமூடியின் காதுக்குப் பின்னால் ஊசியால் மயிரிழைக் கீறல் ஒன்று போட்டார். பிறகு இரண்டாவதைத் திருப்பினார்.

காதுக்குப் பின்னால் கீறல். ரப்பர் துகள் இன்னும் உதிராமல் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

காலையில் சவரம் செய்தபோது தாடையில் பட்ட வெட்டு திடீரென்று எரிந்தது. இரண்டாவது முகமூடியின் தாடையைப் பார்த்தார். அங்கேயும் ஒரு வெட்டு. ஈரமாக.

பார்த்துச் செய்வதுதானே நகலின் பிழைப்பு? பக்கத்தில் இருந்த முகமூடியை அது நகலெடுத்து முடித்துவிட்டது. இப்போது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆக, இரண்டாவதுதான் நகல்! கண்டுபிடித்துவிட்டார். எழுதப் பேனாவை எடுத்தார். விரல் மடங்கவில்லை. தாடையைத் தொட்டார். வெட்டு இல்லை. சொரசொரக்கும் தாடிமுள் இல்லை. வழவழப்பு. குளிர்ச்சி. ரப்பர் வாடை இப்போது மேஜையிலிருந்து வரவில்லை.

கைப்பேசி அடித்தது. அக்கா. வாரம் ஒருமுறை, இரண்டே நிமிடம். விறைத்த விரலால் எப்படியோ அழுத்தினார். ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது.

"டேய், இருக்கியா?"

'அக்கா, வா, உடனே வா' என்று கத்தப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. வாய் இருந்த இடத்தில் ஒரு கோடு.

"இருக்கேன்க்கா. சாப்ட்டியா?" என்றது மேஜை. அவர் குரலில்.

"யாருடா இது? என் தம்பியா இப்படிக் கேக்கறான்?"

"ஏன், கேக்கக் கூடாதா? முட்டி வலி எப்படி இருக்கு?"

"அடேயப்பா! போன் பண்ணா ரப்பர் மூஞ்சிங்களப் பத்தியே பேசி உயிர வாங்குவியே. இன்னிக்குத்தான்டா மனுஷன் மாதிரி பேசற."

மேஜை சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அவர் நாற்காலியில் இருந்தார். இமைக்க முடியவில்லை. இமை இல்லை. இரண்டு ஓட்டைகள். அவற்றின் வழியே வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக அறையை விட்டுப் போவது தெரிந்தது.

"ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாயேன்டா."

"நாளைக்கே வரேன்க்கா."

நாற்பது நிமிடம் பேசினார்கள்.

அக்காவுக்கு நகல்தான் பிடித்திருந்தது.