படத்துக்குள் ஆடிய ஷூ

கதவுக்குப் பின்னால் ஒரு படத்தை மாட்டினால் என்ன ஆகும்? கதவைத் திறந்ததுமே படம் காணாமல் போகும். ஆறாம் வகுப்பின் பழைய படக் கண்காட்சியில் ஜெபமலருக்குக் கிடைத்த இடம் அதுதான்.

அவள் கொண்டுவந்தது உள்ளங்கை அகலப் படம். அவளுடைய அப்பா லிங்கம் ஆரியசாலைக் கடைத்தெருவில் தையல்கடை திறந்த அன்று எடுத்தது. ஒரு தையல் மெஷின், பக்கத்தில் ஒல்லியாக அப்பா. அவ்வளவுதான்.

நடுச்சுவர் முழுக்க மீனுவுக்கு. மூன்று படங்கள், ஒவ்வொன்றும் செய்தித்தாளை விரித்த அளவு. மீனுவின் கொள்ளுத்தாத்தா அழகியநம்பி அந்தக் காலத்தில் இதே ஊரின் ஸ்ரீவராகத்திலிருந்து பம்பாய்க்குப் போய், ஒரு பெரிய ஓட்டலில் ஜாஸ் வாசித்தவராம்.

“ஜாஸ்னா என்ன டீச்சரே?” என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

“அமெரிக்காவுல கறுப்பின மக்கள் உண்டாக்கின சங்கீதம்” என்றார் சரோஜம் டீச்சர். “எழுதி வச்சதை மட்டும் வாசிக்க மாட்டாங்க. வாசிக்கும்போதே மனசுல தோணுறதையும் சேத்துக்குவாங்க. அது கப்பலேறி பம்பாய் வரைக்கும் வந்துச்சு.”

முதல் படத்தில் ஐந்து பேர். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி கறுப்பு போ-டை. எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலை. ஒருவரிடம் ஆளைவிட உயரமான வயலின் போன்ற வாத்தியம். டிரம்மில் ஒரு தென்னைமரம் வரைந்திருந்தது. நடுவில், டிரம்பெட் என்ற ஊதுகருவியின் விசைகளில் இடது கை விரல்களை வைத்தபடி அழகியநம்பி. இரண்டாவது படத்தில் ஆண்களும் பெண்களும் ஆடினார்கள். மூன்றாவதில் அழகியநம்பி மட்டும், டிரம்பெட்டின் வாயில் தன் தொப்பியை மாட்டிவைத்துச் சிரித்தார்.

கீழே மீனு தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: ‘இடது கையால் டிரம்பெட் வாசித்த அபூர்வக் கலைஞர்.’

ஜெபமலருக்கு வயிறு எரிந்தது. மூன்று வருடமாக மீனுதான் அவளுடைய உயிர்த்தோழி. இப்போது மீனுவைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர். மதியம் மீனுவின் பக்கத்தில் உட்காரக்கூட இடமில்லை.

“எங்க வீட்டுல இந்தப் படத்தோட நெகட்டிவ், பழைய கண்ணாடித் தகடு, டிரங்குப் பெட்டியில கிடந்துது. அப்பாதான் ஸ்டுடியோவுல குடுத்துப் பெரிசா பிரிண்ட் போட்டாங்க” என்று மீனு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அது ஏழாவது தடவை. ஜெபமலர் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

இடைவேளை தோறும் ஜெபமலர் நடுச்சுவர் முன்னால் போய் நின்றாள். ரசிக்க இல்லை, குற்றம் கண்டுபிடிக்க. பார்த்துப் பார்த்து அந்த ஐந்து பேரின் கோட்டுச் சுருக்கம்கூட அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒரு குற்றம் கிடைத்தது. முதல் படத்தில் அழகியநம்பியின் ஒரு ஷூ மட்டும் கலங்கலாக இருந்தது. ‘ஃபோட்டோ சரியில்லை’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் இன்னொன்று கிடைத்தது. ஐந்து கோட்டிலும் மேல் பாக்கெட் வலது பக்கம் இருந்தது.

தையல்காரர் மகள் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியுமா? ஆண்களின் கோட்டுக்கு அந்தப் பாக்கெட் இடது மார்பில்தான் வரும். பட்டனும் பக்கம் மாறியிருந்தது. மூன்று சட்டைக்குப் பட்டனைப் பக்கம் மாற்றித் தைத்து அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். ஐந்து பேருக்கும் ஒரே தையல்காரர் தப்பாகவா தைத்திருப்பார்?

சாயங்காலம் கடையில் ஒருவர் புதுச் சட்டை போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றார். கண்ணாடிக்குள் இருந்தவருடைய பாக்கெட் வலது பக்கம் தெரிந்தது.

ஜெபமலருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஸ்டுடியோக்காரர் கண்ணாடித் தகட்டைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறார். அழகியநம்பி மற்றவர்களைப் போல வலது கையால்தான் வாசித்திருக்கிறார்.

நாளைக்குக் கண்காட்சியைத் திறந்துவைக்க வருகிறவர் போலீஸ் பேண்டில் டிரம்பெட் வாசிக்கும் ஷாஜி சார். பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். மீனுவின் பெருமை புஸ்ஸென்று போய்விடும். அன்றைக்கு ஜெபமலருக்குத் தோசை இரண்டு கூடுதலாக இறங்கியது.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததுமே மீனு ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

“திறப்பு விழாவுல நான் படத்தைப் பத்திப் பேசும்போது நீ முன்னாடி நில்லு, கேட்டியா. உன் முகத்தைப் பாத்தாதான் எனக்குப் பேச்சு வரும்.”

“உன்கூடத்தான் பத்துப் பேர் இருக்காங்களே” என்றாள் ஜெபமலர்.

“அவங்க படம் பாக்க வந்தவங்க. நீதான் என் ஆளு, அல்லே?”

ராத்திரி தின்ற தோசை இரண்டும் இப்போதுதான் ஜெபமலருக்குக் கனத்தன. சொல்லாமல் இருந்தால் மீனு அத்தனை பேர் முன்னால் கூனிக்குறுகி நிற்பாள். அதையும் முன்னால் நின்று பார்க்க வேண்டும்.

“மீனு, படம் இடவலம் மாறியிருக்கு. உன் கொள்ளுத்தாத்தா வலது கைக்காரர்தான்.”

மீனு கையை விட்டுவிட்டாள். “உனக்கு அசூயை.”

“ஆமா, அசூயைதான். படம் வந்த நாள்லேருந்து அசூயை. ஆனாலும் பாக்கெட் வலது பக்கம்தான் இருக்கு. வந்து பாரு.”

இரண்டு பேரும் நடுச்சுவர் முன்னால் நின்றார்கள். ஜெபமலர் ஒவ்வொரு பாக்கெட்டாகத் தொட்டுக் காட்டினாள். பிறகு சரோஜம் டீச்சரின் கைப்பைக் கண்ணாடியை வாங்கிப் படத்துக்கு எதிரே பிடித்தாள். கண்ணாடிக்குள் ஐந்து பாக்கெட்டும் இடது பக்கம் போயின. டிரம்பெட் வலது கைக்கு வந்தது.

மீனுவின் கண் நிறைந்துவிட்டது. “அப்போ எங்க கொள்ளுத்தாத்தாகிட்ட ஒரு விசேஷமும் இல்லையா?”

ஜெபமலர் படத்தையே பார்த்தாள். குற்றமாக நினைத்த ஷூ இப்போது வேறு மாதிரி தெரிந்தது.

“இருக்கு. மத்த நாலு பேரும் பொம்மை மாதிரி நிக்காங்க. ஷூவெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. இவருக்கு மட்டும் ஒரு ஷூ ஏன் கலங்கியிருக்கு?”

“படம் கெட்டுப்போச்சு.”

“கெட்டுப்போகல. ஆடினாத்தான் அப்படி விழும். ஃபோட்டோவுக்கு நிக்கும்போதுகூட இவர் தாளம் போட்டுட்டு இருந்திருக்காரு. அடக்க முடியல.”

மீனு குனிந்து பார்த்தாள். மூக்கு படத்தில் முட்டும் அளவுக்குக் குனிந்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

“இப்ப புது பிரிண்ட் போட நேரமில்லியே” என்றார் டீச்சர்.

“நடன அறையில ஆளுயரக் கண்ணாடி இருக்கு டீச்சரே” என்றாள் ஜெபமலர்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதைத் தூக்கிவந்தார்கள். நடுச்சுவருக்கு நேர் எதிரே வைக்க ஓர் இடம்தான் இருந்தது, கதவோரம். அதனால் அந்தக் கதவைச் சாத்திவிட்டு, எல்லாரையும் மறுபக்கத்துக் கதவு வழியாக விட்டார்கள். மீனு பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: ‘கண்ணாடிக்குள் பாருங்கள். ஷூ கலங்கியது படத்தின் குற்றமில்லை. பாட்டின் குற்றம். கண்டுபிடித்தவர்: ஜெபமலர்.’

ஷாஜி சார் கையில் டிரம்பெட்டோடு வந்தார். படத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அட்டையைப் படித்தார். கண்ணாடி முன்னால் போய் வெகுநேரம் நின்றார்.

“வலது கையில மூணு விரலும் விசை மேல கரெக்ட்” என்றார். “ஃபோட்டோ எடுக்கும்போது எனக்கும் கால் அடங்காது. எங்க பேண்டுல எல்லாரும் என்னைக் களியாக்கும், ஒரே கேலிதான்.”

கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த உள்ளங்கை அகலப் படம் அவர் கண்ணில் பட்டது. “இதாரு?”

“எங்க அப்பா சார். தையல்கடை.”

அவர் குனிந்து, அப்பாவின் சட்டைப் பாக்கெட்டை ஒரு விரலால் தேடினார். “இது சரியான பக்கம்தான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஜெபமலரும் சிரித்தாள்.

“இன்னும் அசூயையா?” என்று மீனு காதோரம் கேட்டாள்.

ஜெபமலர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “பாதி போச்சு. டிரம்பெட்ல மாட்டின அந்தத் தொப்பிக்கு மட்டும் கொஞ்சம் பாக்கி.”

ஷாஜி சார் டிரம்பெட்டை எடுத்தார். துள்ளலான ஒரு மெட்டு அறை முழுக்க நிறைந்தது. சரோஜம் டீச்சர் இரண்டு பேரையும் நடுச்சுவர் முன்னால் நிறுத்தி, ஃபோனைத் தூக்கிப் பிடித்து, “ஆடாம நில்லுங்க” என்றார்.

படம் நன்றாக விழுந்திருந்தது. முகமும் பின்னலும் பளிச்சென்று தெரிந்தன. கீழே ஆளுக்கொன்றாக இரண்டு கறுப்பு ஷூக்கள் மட்டும் கலங்கியிருந்தன.

“ஆடக்கூடாதுன்னு சொன்னேன் அல்லே” என்றார் டீச்சர்.

“நாங்க ஆடல டீச்சரே” என்றாள் ஜெபமலர். “ஷூதான்.”