கீறல் போன போன்

ஒச்சாயி அத்தை பஸ் ஏறியிருப்பார். அப்போதுதான் அவருடைய போன் ஜுவைரியாவின் கையில் அடித்தது!

திரையில் 'மருமகன்' என்று மின்னியது. அத்தையின் போன் அத்தையின் பையில் அல்லவா இருக்க வேண்டும்?

பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

"அத்தே! பஸ் ஏறிட்டீகளா?" என்றது ஓர் ஆண் குரல்.

"நான் அத்தை இல்லீங்க. பக்கத்து ஊட்டு ஜுவைரியாங்க."

"பாப்பா, நான் அவுக மருமகன் சோணைமுத்து. சித்ராவுக்கு வலி எடுத்திருச்சு. உடுமலைக்கு வர வேண்டாம், பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கோம். அத்தைய நேரா அங்க வரச் சொல்லு. அம்மா, அம்மான்னு ஒரே அழுகை அவ!"

லைன் கட்டானது.

கையிலிருந்த போன் புதுசு போலப் பளபளத்தது. அந்தப் பளபளப்புதான் வினை!

அத்தைக்கும் அடுத்த வீட்டு மாரப்பன் அண்ணனுக்கும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை. போன தீபாவளிக்கு அங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல போன் கொடுத்தார்கள். அதற்குள் இரண்டும் கீறல் மயம். அத்தையின் போனில் பூனை பிறாண்டியது போலக் கோடுகள். அண்ணனின் போனில் சாவிக்கொத்து உரசி உரசி, திரையே மங்கல்.

"நான் சரி பண்ணித் தர்றேன்" என்று காலையில் இரண்டையும் வாங்கி வந்தது ஜுவைரியாதான். போனை அணைத்தாள். பொத்தான் இடுக்கில் பசை போகாமல் டேப் ஒட்டினாள். வெள்ளைப் பற்பசையைத் துளியூண்டு வைத்து, பனியன் வேஸ்ட் துணியால் வட்டம் வட்டமாக மெல்லத் தேய்த்தாள். ஈரத்துணியால் துடைத்தாள்.

கீறல் போன இடம் தெரியவில்லை. எது யார் போன் என்பதும் தெரியவில்லை!

"நேரமாச்சு தாயி!" என்று ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார் அத்தை.

"என்ன கண்ணு, என்ற போன் மின்னுதா?" என்று இப்போது மாரப்பன் அண்ணன் வந்து நின்றார்.

ஜுவைரியா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அட சாமி! அப்ப என்ற போன் பஸ்ஸுல போகுதா?"

"உங்க நம்பரைச் சொல்லுங்கண்ணா, சீக்கிரம்! அத்தை பல்லடத்துல எறங்கிப் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு மாறியாகணும். அதைத் தாண்டினா பஸ் உடுமலை ரோட்டுல போயிரும்."

நம்பரை அழுத்தினாள். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். ம்ஹூம்.

மாரப்பன் அண்ணன் தலையைச் சொறிந்தார். "அது வந்து கண்ணு... என்ற ரிங்டோன் சேவலு."

"சேவலா?"

"கொக்கரக்கோன்னு கூவும். நெசச் சேவலேதான்! எங்க மொதலாளியே ஒரு நாள் மேசைக்கடியில குனிஞ்சு தேடுனாரு."

"பஸ்ஸுல சேவல் கூவினா, யாருங்கண்ணா போனை எடுப்பாங்க?"

அண்ணனின் பெருமை பொசுக்கென்று அணைந்தது. "பைக்குல தொரத்தட்டுமா?"

"பெட்ரோல் இருக்குதுங்களா?"

"இல்லியே!"

பஸ் நிற்குமா? போய்க்கொண்டே இருக்கும். ஜுவைரியா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். சட்டென்று நின்றாள். நம்பரை அழுத்தினாள். மணி தொடங்கியதும் கட். மறுபடி அழுத்தினாள். கட்!

"ஏங் கண்ணு, பாதியில வெக்கறே?"

"நெசச் சேவல் முழுசாத்தானே கூவும்? ஒவ்வொரு தடவையும் 'கொக்'னு பாதியில நின்னா, யாராச்சும் சந்தேகப்படுவாங்கல்ல?"

அழுத்து. கட். அழுத்து. கட். கட்டைவிரல் வலித்தது. விடவில்லை.

திடீரென்று ஒரு குரல் சீறியது.

"ஹலோ! யாருங்க அது? நான் கண்டக்டர் பேசறேன். சேவலுக்கு டிக்கெட் எடுங்கன்னா இந்தம்மா சண்டைக்கு வர்றாங்க. என்னடா, சேவலுக்கு விக்கலான்னு பையைப் பார்த்தா, உள்ளே போனு!"

"அண்ணா, அந்தம்மாகிட்ட குடுங்கண்ணா!"

"ஏத்தா, இது யாரு போனு? என்னையக் கோழி திருடிங்கிறாக!" என்று பொரிந்தார் அத்தை.

"அத்தை, பொள்ளாச்சிக்குப் போங்க! சித்ராக்காவுக்கு வலி வந்திருச்சு. அங்கதான் கூட்டிட்டுப் போறாங்க. பஸ் எங்க நிக்குது?"

"பல்லடம் ஸ்டாண்டை விட்டுக் கெளம்புது தாயி... தம்பி, விசிலை ஊதுங்க! வண்டிய நிறுத்துங்க, நான் எறங்கணும்!"

லைன் கட்டானது.

மத்தியானச் சோறு ஜுவைரியாவுக்கு இறங்கவில்லை. மாரப்பன் அண்ணன் வாசலில் குட்டி போட்ட பூனை போலச் சுற்றினார். அத்தைக்கு பஸ் கிடைத்ததா? போய்ச் சேர்ந்தாரா?

வெயில் தாழ்ந்தபோது போன் அடித்தது.

"பொம்பளப் பிள்ளைத்தா!" என்று கூவினார் அத்தை. "உள்ள கூட்டிட்டுப் போறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டேன். என் கையப் பிடிச்சதும் சித்ரா அழுகைய நிறுத்திட்டா. நீ நல்லாயிருப்ப தாயி!"

ஜுவைரியா அங்கேயே ஒரு குதி குதித்தாள்.

"மாரப்பன் தம்பிகிட்ட மட்டும் மெதுவாச் சொல்லு. ஓடுன ஓட்டத்துல அவரு போனைப் படியில போட்டுட்டேன். நீளமா ஒரு கீறல்."

பக்கத்தில் காதை வைத்திருந்த மாரப்பன் அண்ணன், போனை வாங்கிக் கத்தினார். "உடுங்கத்தை! நல்ல காரியம் பண்ணுனீங்க! இனி எது என்ற போனுன்னு தெரியுமில்ல!"

"அத்தை வரட்டும்ணா," என்றாள் ஜுவைரியா. "அதையும் தேய்ச்சுக் குடுத்தர்றேன்."

"சாமீ! வேண்டாம்!"

மாரப்பன் அண்ணன் பற்பசையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடினார்.