சாடிக்குள் கேட்ட இரண்டு பெயர்கள்

அரசி சொரின் அன்று சிரித்தாள். கோயம்புத்தூர்க் கேட்பகத்தில் கூடியிருந்தவர்கள் முகம் மலர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் சிரித்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

“என்னங்க்கா சொன்னா? எதுக்குச் சிரிக்கிறா?” முன்வரிசையில் இருந்த பெண் அவசரப்பட்டாள்.

“வைத்தியன் தேயுன் கசாயத்துல தேன் கலந்து கொண்டுவந்திருக்கான். மருந்து மருந்தாட்ட இல்லையேன்னு கேட்டுச் சிரிக்கிறா,” என்றாள் தமயந்தி.

கூட்டம் ஆரவாரித்தது. மேடையில் இருந்த வெண்ணிறப் பீங்கான் சாடியின் மேல் ஒளியூசி அசையாமல் நின்றது.

தொல்செவி வந்த பிறகு யாரும் தொடர் நாடகம் பார்ப்பதில்லை. செத்துப்போனவர்களின் உண்மையான பேச்சு கிடைக்கும்போது நடிகர்களின் பேச்சு எதற்கு? மதுரைக் கேட்பகத்தில் ரோமானிய வணிகன் ஒருவன் மனைவியோடு போடும் சண்டை ஓடியது. சேலத்தில் எகிப்தியக் கல்தச்சர்களின் வம்பளப்பு. கோவைக்குக் கிடைத்தது கொரிய அரண்மனை.

ஒரு பொருளின் இளமையும் முதுமையும் முழுதாகப் பிரிந்துவிடுவதில்லை என்பதுதான் தொல்செவியின் அடிப்படை. அன்று அரசியின் அறையில் எழுந்த குரலுக்குச் சாடி அதிர்ந்தால், பல நூற்றாண்டு மூத்த அதே சாடி இன்று கோவையிலும் மிக நுட்பமாக அதிர்ந்தது. ஒளியூசி அந்த அதிர்வைக் குரலாக்கியது. அங்கே ஒரு நாள் கழிந்தால் இங்கேயும் ஒரு நாள். முந்திக் கேட்கவும் முடியாது, விட்டதைத் திரும்பக் கேட்கவும் முடியாது. ஒலி அன்றிலிருந்து இன்றைக்கு வரும், இன்றிலிருந்து அன்றைக்குப் போகாது என்று பள்ளிப் புத்தகங்களிலேயே எழுதியிருந்தது.

மன்னர் தம்ஜோவின் ஆட்சிக் குறிப்புகள் ஏதோ ஒரு போரில் எரிந்துபோயிருந்தன. மன்னர், சொரின், தேயுன் மூவருக்கும் என்ன ஆயிற்று என்று உலகில் யாருக்கும் தெரியாது. கூட்டம் கூடியதே அதனால்தான். பழைய கொரிய மொழியைச் சியோலில் படித்துவிட்டு வந்த தமயந்தி சாடிக்குப் பக்கத்திலேயே அமர்ந்து உடனுக்குடன் தமிழில் சொல்லுவாள். மக்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள், திட்டினார்கள், பந்தயம் கட்டினார்கள்.

மன்னர் கொடியவராக இருந்திருந்தால் யார் பக்கம் நிற்பது என்பது எளிதாக இருந்திருக்கும். அவரோ மென்மையான மனிதர். சொரினைப் பார்க்க வரும்போதெல்லாம் அந்தந்தப் பருவத்துப் பூங்கிளை கொண்டுவருவார். பணிப்பெண்களை விலக்கிவிட்டுத் தானே குனிந்து சாடிக்குள் ஒவ்வொரு கிளையாக வைப்பார். தேயுன் அவருடைய சிறுவயதுத் தோழன். அரசவையில் அவர் முழுதாக நம்பிய ஒரே ஆள். அரண்மனைக்கு மணப்பெண்ணாகத் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு முன்பு சொரினுக்கு ஒரு வைத்தியர் வீட்டில் சம்பந்தம் பேசியிருந்தார்கள் என்பது மன்னருக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை தேயுன் என்பது மட்டும் தெரியாது.

அரசியின் கையைத் தொட வைத்தியனுக்கு அனுமதியில்லை. அவள் மணிக்கட்டில் கட்டிய பட்டு நூலின் மறுமுனையைத் திரைக்கு வெளியே பிடித்துக்கொண்டு தேயுன் நாடி பார்ப்பான். அந்தக் கோடையில் ஒருநாள் அவர்கள் பேசியதைக் கோவையே மனப்பாடமாக வைத்திருந்தது.

“அரசியின் நாடி சீராக இல்லை.”

“நூலின் அந்த முனையில் யார் என்று நாடிக்குத் தெரிந்திருக்கிறது.”

தேயுன் தணிந்த குரலில், “நாளையிலிருந்து வேறொரு வைத்தியரை அனுப்பச் சொல்கிறேன்,” என்றான்.

“வேண்டாம். நீங்களே வாருங்கள். நான் இனி இப்படிப் பேச மாட்டேன். அவர் நல்லவர், தேயுன். அவரைப் போல ஒருவரை ஏமாற்றிவிட்டு என்னால் சாப்பிடக்கூட முடியாது.”

“என்னாலும் முடியாது.”

அதற்குப் பிறகு அவர்கள் அப்படிப் பேசவில்லை. தேயுன் வந்தான், நூலைப் பிடித்தான், மருந்து சொன்னான், போனான். பேசாத அந்த நாட்களில்தான் கேட்பகத்தில் இடம் கிடைப்பது அரிதாயிற்று. “சொரின், தேயுன்” என்று இரண்டு பெயர்களையும் சேர்த்தே எல்லாரும் உச்சரித்தார்கள்.

ஐப்பசியில் அரசி கருவுற்ற செய்தி வந்தது. மன்னர் அழுதுகொண்டே அவளிடம் ஏதேதோ சொன்னார். தமயந்தி மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

“எல்லாஞ் சரிங்க்கா. கொழந்தை யாருது?”

சிரிப்பு எழுந்தது. தமயந்திக்குப் பதில் தெரியும். அந்த அறையில் எழுந்த ஒவ்வொரு ஒலியையும் மாதக்கணக்கில் கேட்டவள் அவள். தேயுன் திரையைத் தாண்டி ஓர் அடிகூட எடுத்து வைத்ததில்லை. ஆனால் அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குறும்பாகப் புருவத்தை உயர்த்தினாள்.

“வேற யாரு? அப்பா தேயுன்தான்!”

கூரை அதிர்ந்தது. ஒருவர் தொடங்க, எல்லாரும் கைதட்டியபடி அதையே கத்தினார்கள்: “அப்பா தேயுன்! அப்பா தேயுன்!” தமயந்தியும் சிரித்தாள். அது வெறும் வேடிக்கை. செத்து நூற்றாண்டுகள் ஆனவர்களுக்கு அதனால் என்ன குறைந்துவிடப்போகிறது?

இரண்டொரு நாள் கழித்து, அரசி இல்லாத நேரத்தில் மன்னர் அந்த அறைக்கு வந்தார். கதவு சாத்தும் ஓசை கேட்டது. அவருடைய மூச்சு மிக அருகில் கேட்டது, சாடியின் வாயிலேயே முகத்தை வைத்திருப்பதைப் போல.

“யார் நீங்கள்?” என்றார்.

தமயந்தி அதையும் தமிழில் சொன்னாள். சொன்ன பிறகுதான் அதன் பொருள் உறைத்தது.

“முதலில் காற்று என்று நினைத்தேன்,” என்றார் மன்னர். “பூ வைக்கக் குனியும்போதெல்லாம் கேட்டது. கூட்டமாகப் பேசுகிறீர்கள், சிரிக்கிறீர்கள், அழுகிறீர்கள். உங்கள் மொழி எனக்குத் தெரியவில்லை. என் மனைவியின் பெயரும் என் நண்பனின் பெயரும் மட்டும் தெரிகிறது. எப்போதும் அந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறீர்கள். என் பெயரை அதனோடு ஒருமுறையும் சேர்த்ததில்லை.”

தமயந்தி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள்.

“அவள் கருவுற்றிருக்கிறாள் என்று நான் அறிந்த அன்று, நீங்கள் எனக்குத் தெரிந்த ஒரு சொல்லைச் சொன்னீர்கள். அரண்மனைப் பேச்சைக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால், நான் சின்னஞ்சிறுவனாக இருந்தபோது என் தந்தையை அப்படித்தான் கூப்பிட்டேன். அப்பா. அந்தச் சொல்லோடு தேயுனின் பெயரைச் சேர்த்துக் கூவினீர்கள்.”

தமயந்தி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். தொல்செவியை இயக்கும் பொறியாளர் நாச்சிமுத்து கருவியை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

“அம்மிணி, என்ன சொல்றாரு? நம்மளையா கேக்கறாரு?”

“நம்ம பேசறது அவருக்குக் கேக்குதுங்க.”

“அதெப்படி கேக்கும்? கேக்காதுன்னுதானே...” நாச்சிமுத்து சாடியையும் ஒளியூசியையும் மாறி மாறிப் பார்த்தார். சாடி ஒன்றுதான். அன்று அதிர்ந்தால் இன்றும் அதிரும் என்றால், இன்று அதிர்ந்தால் அன்றும் அதிராதா? இவ்வளவு எளிய கேள்வியை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்பதிலேயே எல்லாருக்கும் ஆசை இருந்தது.

தமயந்தி சாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பழைய கொரியத்தில் கத்தினாள். “அரசே! அது பொய்! குழந்தை உங்களுடையது! தேயுன் திரையைத் தாண்டியதே இல்லை!”

மறுபுறம் ஏதோ விழுந்து உருண்டது. மன்னர் பின்வாங்கியிருக்க வேண்டும். பிறகு அவர் குரல் மீண்டும் அருகில் வந்தது.

“எங்கள் மொழியும் பேசுவீர்களா? அப்படியானால் எல்லாம் அறிந்தவர்கள் நீங்கள். கேட்கிறேன், சொல்லுங்கள். குழந்தை என்னுடையது. சரி. அவள் மனம் யாருடையது?”

ஒரே ஒரு சொல் போதும். உங்களுடையது என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் அவ்வளவு இலகுவாகப் பொய் சொன்ன நாக்கு இப்போது ஒட்டிக்கொண்டது. நூலின் அந்த முனையில் யார் என்று நாடிக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வரியை அவள்தான் கோவைக்கே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

“உங்களுடையதுதான், அரசே,” என்றாள் கடைசியில்.

“தாமதித்தாய்,” என்றார் மன்னர். கதவு திறந்து மூடியது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்பகம் துண்டுதுண்டாகத்தான் கேட்டது. கலைந்து போகச் சொல்லியும் ஒருவரும் போகவில்லை. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்; தமயந்தி தமிழைத் தாளில் எழுதிக் காட்டினாள்.

மன்னர் தேயுனை அரசியின் அறைக்கே வரவழைத்தார். நஞ்சுக் கசாயம் ஒன்று காய்ச்சும்படி சொன்னார். யாருக்கு என்று தேயுன் கேட்கவில்லை.

“அவளை மணக்க இருந்தவன் நீதானா?”

“ஆம், அரசே.”

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“சொல்லியிருந்தால் அரசியை எனக்குக் கொடுத்திருப்பீர்கள். கொடுத்துவிட்டு நீங்கள் பிழைத்திருக்க மாட்டீர்கள். உங்களை எனக்குச் சிறுவயதிலிருந்து தெரியும்.”

மன்னர் வாய்விட்டு அழுதார். மன்னரைத் தடுத்து நிறுத்து என்று தமயந்திக்குப் பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். எதைச் சொல்லி நிறுத்துவது? இதுவரை அவள் சொன்னதெல்லாம் அவர்களைக் கொல்லவே பயன்பட்டிருந்தது. மறுநாள் தேயுன் தானே காய்ச்சியதைத் தானே குடித்தான் என்று பணிப்பெண்கள் பேசிக்கொண்டார்கள். மன்னர் கிண்ணத்தைத் தட்டிவிட எழுந்தாராம். எழுவதற்குள் முடிந்துவிட்டதாம்.

சொரின் பட்டத்தை இழந்து மலைமேல் இருந்த மடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டாள். போகுமுன் அறையில் நின்று ஒரே ஒரு முறை பேசினாள். மன்னரிடம் இல்லை.

“இங்கே சத்தங்கள் உண்டு என்று எனக்கும் தெரியும்,” என்றாள். “எங்களுக்காக அழுகிறீர்கள் என்று நினைத்து ஆறுதலாக இருந்தேன்.”

பல்லக்கில் ஏறிய மூன்றாம் நாள் வழியிலேயே அவளுக்குக் கரு கலைந்தது என்றும், அதே காய்ச்சலில் அவளும் போய்ச் சேர்ந்தாள் என்றும் செய்தி வந்தது. மன்னர் அந்தக் காலியான அறைக்குக் குடிவந்துவிட்டார். அரசவைக்குப் போவதை நிறுத்தினார்.

அரசாங்கம் எல்லாக் கேட்பகங்களையும் மூட உத்தரவிட்டது. இன்னும் எத்தனை வீடுகளில், எத்தனை நூற்றாண்டுகளில், புரியாத குரல்கள் யார் தலையெழுத்தைக் கெடுத்திருக்கின்றன என்று ஆராய ஒரு குழு அமைத்தார்கள். கடைசி நாளில் தமயந்தியும் நாச்சிமுத்துவும் மட்டும் சாடியின் முன் இருந்தார்கள். அவள் மன்னரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தாங்கள் பேய்கள் அல்ல, வெகுகாலத்துக்குப் பிறகு பிறக்கப்போகும் சாதாரண மனிதர்கள் என்றாள். பொழுதுபோக்குக்காகக் கேட்டோம் என்றாள். கூட்டத்தைச் சிரிக்க வைப்பதற்காக அந்தச் சொல்லைச் சொன்னது தானே என்றாள்.

மன்னர் சாடியை விரலால் வருடும் ஓசை கேட்டது.

“சிரித்தார்களா?” என்றார் பிறகு.

“சிரித்தார்கள், அரசே.”

“உன்னைத் தண்டிக்க எனக்கு வழியில்லை. மன்னிக்கவும் வலுவில்லை.” அவர் குரல் முதியவர் குரலாகிவிட்டிருந்தது. “ஒன்று செய். பேசு. உன்னைப் பற்றிப் பேசு. நீ யாரை மணந்தாய், யாரை நினைத்துக்கொண்டிருக்கிறாய், யாரிடம் எதை மறைக்கிறாய்? இந்த அறையில் எனக்கு வேறு குரல் இல்லை.”

அரசாங்க உத்தரவுப்படி நாச்சிமுத்து ஒளியூசியை அணைத்தார்.

“இனி அவருக்குக் கேக்குமாங்க?” என்றாள் தமயந்தி.

“அவர் பேசறது நமக்குக் கேக்காது, அம்மிணி. நம்ம பேசறது அவருக்குக் கேக்குமான்னா... சாடி அங்கயும் இருக்குது, இங்கயும் இருக்குது. ஊசி இருந்தாலும் இல்லைன்னாலும் அது அதிரத்தானே செய்யும்?”

அவர் கதவருகே போய் வெளியே நின்றுகொண்டார்.

தமயந்தி தரையில் உட்கார்ந்து சாடியின் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். தன் கணவனிடமும் சொல்லாத ஒரு பெயரை முதலில் சொன்னாள். பிறகு அந்தப் பெயருக்கு உரியவனைப் பற்றி, மெல்ல, பழைய கொரியத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். மறுபுறம் உடைந்துபோன ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து கேட்கிறாரா, அல்லது ஓர் அரசவையே சாடியைச் சுற்றி அமர்ந்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடி, அடுத்து என்ன என்று காத்திருக்கிறதா என்பதை அறிய அவளுக்கு எந்த வழியும் இல்லை.