இருபத்தாறு நன்னாரிக் கொடிகள்

முதல் தடவை எண்ணியபோது இருபத்து மூன்று வந்தது. இரண்டாவது தடவை இருபத்தெட்டு. மூன்றாவது தடவை ராஜாத்தி அக்கா எண்ணினாள். இருபது.

"எண்ணுறதுக்குள்ள இதுக என்ன கண்ணாமூச்சி ஆடுதா?" என்றாள் ராஜாத்தி அக்கா.

ஷர்மின் சிரிக்கவில்லை. அவள் ஐந்தாம் வகுப்பு. கணக்கில் எப்போதும் முதல் மார்க். எண்ணிக்கை தப்பினால் அவளுக்குச் சோறு இறங்காது.

அனுமந்தன்பட்டிக்கு மேற்கே ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. அங்கே என்னென்ன செடிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க ஊரில் பத்துப் பேருக்குப் பயிற்சி நடந்தது. தேனியிலிருந்து ஜெபராணி அக்கா மொபெட்டில் வந்து சொல்லிக்கொடுத்தாள். நாலு பக்கமும் முப்பது தப்படி அளந்துகொள். கயிறு கட்டு, அதுதான் உன் கட்டம். உள்ளே என்ன செடி, எத்தனை என்று நோட்டில் எழுது. மாதம் ஒரு தடவை எண்ணு. குறைந்தால் உடனே தெரியும். தெரிந்தால் காப்பாற்றலாம்.

பத்துப் பேரில் ராஜாத்தி அக்காவும் உண்டு, ஷர்மினின் அம்மா ஷரீபாவும் உண்டு. அம்மாவுக்கு முட்டி வலி. அதனால் கரடு ஏறியது ஷர்மின்.

அவள் கட்டத்தில் நன்னாரி நிறைய இருந்தது. மெல்லிய கொடி. இலை நடுவில் வெள்ளைக் கோடு. புல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். எண்ணிய கொடியே திரும்பவும் கண்ணில் படும். எண்ணாதது படாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷர்மின் பள்ளிக்குக் கட்டும் சிவப்பு ரிப்பன் ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போனாள். எண்ண எண்ண ஒவ்வொரு கொடியிலும் ஒரு துண்டைக் கட்டினாள்.

இருபத்தாறு. மறுபடி எண்ணினாலும் இருபத்தாறு.

ஜெபராணி அக்கா வந்து பார்த்தாள். "இது யாரு யோசனை?"

"என் யோசனைதான்க்கா."

"நல்ல யோசனை. எல்லாருமே இப்படிக் கட்டுங்க."

ராஜாத்தி அக்கா தன் கட்டத்தில் இருந்த சிறுகுறிஞ்சானுக்குப் பழைய நீலச் சேலையைக் கிழித்துக் கட்டினாள். ஷர்மின் நோட்டில் அழகான எழுத்தில் எழுதினாள். செடி: நன்னாரி. எண்ணிக்கை: 26. இடம்: மேற்குக் கரடு, வழுக்குப் பாறைக்குத் தெற்கே.

பங்குனி பிறந்தது. வெயில் ஏறியது.

ஷர்மினின் அத்தா நத்தர்ஷா ஒவ்வொரு கோடையிலும் கம்பம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்பத் வண்டி போடுவார். நன்னாரி வேரை இடித்து, ஊறவைத்து, சர்க்கரையோடு காய்ச்சுவார். வேரில் ஒட்டிய மண்ணைக் கழுவுவது ஷர்மினின் வேலை.

அன்று மாலை ஒரு கட்டு வேர் வந்திருந்தது. ஷர்மின் வாளித் தண்ணீரில் போட்டு அலசினாள். கை நின்றது.

எப்போதும் வெறும் வேர்தான் வரும். இந்தத் தடவை வேரின் உச்சியில் தண்டும் இருந்தது. தண்டில் இலை இருந்தது. ஒரு தண்டில் சிவப்பு ரிப்பன் இருந்தது.

"அத்தா, இதை யாரு கொண்டாந்தாக?"

"வேரு தோண்டுற சங்கிலிதான். வேற யாரு?"

"எங்கன தோண்டுனாராம்?"

"அதையெல்லாம் யாரு கேக்கறா? நல்லாக் கழுவு. போன வருசம் ஒருத்தர் சர்பத்துல மண்ணு கிடக்குன்னு ரெண்டாவது கிளாசும் சும்மா வாங்கிக் குடிச்சிட்டுப் போயிட்டாரு."

ஷர்மின் ரிப்பனை அவிழ்த்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

காலையில் ராஜாத்தி அக்காவுடன் கரடு ஏறினாள். கட்டம் முழுக்கக் குழிகள். குழிக்குப் பக்கத்தில் ரிப்பன்கள் கிடந்தன. எண்ணினாள். இந்தத் தடவை முதல் எண்ணலிலேயே சரியாக வந்தது. இருபத்து மூன்று குழிகள். முள்ளுப் புதருக்குள் இருந்த மூன்று கொடிகள் மட்டும் தப்பியிருந்தன.

"அந்தச் சங்கிலியை பாரஸ்ட் ஆபீசருக கிட்டப் பிடிச்சுக் குடுக்கணும்" என்றாள் ராஜாத்தி அக்கா.

"ரிப்பன் கட்டுனது நான்க்கா."



இறங்கும் வழியில் சங்கிலியே எதிரே வந்தார். தோளில் கடப்பாரை.

"மாமா" என்றாள் ஷர்மின். "எப்பவும் தலையில்லாத வேருதான கொண்டு வருவீக?"

"ஆமா. தலையை வெட்டி அதே குழியில புதைச்சிருவேன். திரும்பவும் துளிர்க்கும். அடுத்த வருசம் எனக்கு வேணுமில்ல?"

"இந்தத் தடவை ஏன் புதைக்கல?"

"அதை ஏன் கேக்கறே. யாரோ கொடிக்குக் கொடி ரிப்பன் கட்டி வச்சிருக்காக. கீழ ரோட்டுல போறவனுக்குக்கூடத் தெரியுது. நான் ஒவ்வொரு தலையா வெட்டிப் புதைச்சுக்கிட்டு இருந்தா, அதுக்குள்ள இன்னொருத்தன் வந்து மிச்சத்தைத் தோண்டிட்டுப் போவான். அதான் அவசர அவசரமா மொத்தத்தையும் பிடுங்கிட்டேன்." சங்கிலி சிரித்தார். "கட்டுனவுக நல்லா இருக்கணும். ஒரு நாள் அலைச்சல் மிச்சம்."

"கட்டுனது நான்தான்."

சங்கிலி அவளுடைய சடையைப் பார்த்தார். ஒரு சடையில் ரிப்பன் இருந்தது. இன்னொன்றில் சாக்கு நூல் இருந்தது.

"எதுக்கு ஆத்தா கட்டுனே?"

"எண்ணுறதுக்கு."

"எண்ணி?"

"காப்பாத்துறதுக்கு."

சங்கிலி கடப்பாரையை அடுத்த தோளுக்கு மாற்றினார். "நான் இருபது வருசமா எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். "ரிப்பன் இல்லாம." ஒதுங்கி வழிவிட்டார்.

ஷர்மின் வீட்டுக்கு ஓடினாள். அத்தா உலக்கையைக் கையில் எடுத்திருந்தார்.

"இடிக்காதீக அத்தா. எனக்குத் தலை வேணும்."

"தலையா?"

"உச்சியில தண்டோட ஒரு விரல் நீளம். மத்த வேரு உங்களுக்கு."

"தலையில மணம் ஏது? எடுத்துக்க" என்றார் அத்தா. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "என்னடா?"

ஷர்மின் சொன்னாள். உள்ளே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மாவும் வந்து கேட்டாள்.

அத்தா உலக்கையைச் சுவரில் சாய்த்தார். அரிவாள்மணையை எடுத்து, ஒவ்வொரு வேராகத் தலையை வெட்டி அவள் முன்னால் வைத்தார். பாதி ஏற்கெனவே வாடிப்போயிருந்தது. பச்சை மாறாமல் இருந்தவை பன்னிரண்டு.

அவற்றை ஈரத்துணியில் சுற்றிக் கரட்டுக்குக் கொண்டுபோனாள். அதே குழிகளில் புதைத்தாள். சர்பத் பாட்டிலில் கொண்டுபோன தண்ணீரை ஊற்றினாள். கிடந்த ரிப்பன்களைப் பொறுக்கினாள். முள்ளுக்குள் கை விட்டு, தப்பிய மூன்றிலிருந்தும் அவிழ்த்தாள். கையில் ரத்தக் கோடுகள்.

பிறகு ராஜாத்தி அக்காவின் கட்டத்துக்குப் போனாள். அக்கா அங்கேதான் இருந்தாள். நீலத் துணிகள் காற்றில் ஆடின.

"அவுத்துருவோம்க்கா. மத்தவுக கிட்டயும் சொல்லிருவோம்."

"அவுத்தா எண்ணிக்கை தப்புமே?"

"தப்பட்டும்" என்றாள் ஷர்மின்.

அந்தக் கோடையில் அத்தா எப்போதும்போல் வண்டி போட்டார். எப்போதும்போல் கூட்டம் வந்தது. ஷர்மின் தினமும் பாட்டிலில் தண்ணீரோடு கரடு ஏறினாள். சர்பத் மட்டும் குடிக்கவில்லை. இரண்டு தடவை நீட்டிப் பார்த்த அத்தா, பிறகு நீட்டவில்லை.

சங்கிலி அடுத்த வாரம் கொண்டுவந்த வேர்களில் தலை இல்லை. எங்கே தோண்டினார் என்று அத்தா கேட்டார். முதல் தடவையாகக் கேட்டார். சங்கிலி சொல்லவில்லை.

ஆனியில் சாரல் விழுந்தது. பன்னிரண்டில் எட்டு காய்ந்துபோயிருந்தன. நான்கு துளிர்த்தன. விரல் நீளக் கொடி, இலை நடுவில் வெள்ளைக் கோடு.

ஷர்மினும் ராஜாத்தி அக்காவும் தனித்தனியாக எண்ணினார்கள். ஒருத்திக்கு ஆறு, ஒருத்திக்கு எட்டு. மண்டிபோட்டு மறுபடியும் எண்ணினார்கள். நான்காவது தடவை இரண்டு பேருக்கும் ஏழு வந்தது.

அன்றைக்கு ஜெபராணி அக்கா வந்தாள். பாறையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினாள். 26. 3. 3. 3. 7.

"இருபத்தாறு எப்படி மூணாச்சு?"

ஷர்மின் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

"எல்லாரையும் கட்டச் சொன்னது நான்" என்றாள் ஜெபராணி அக்கா. "மத்த ஊர்லயும் சொல்லிட்டேன்."

"அப்ப இன்னைக்கே போய் அவுக்கச் சொல்லுங்கக்கா."

"போறேன்." எழுந்தவள் நோட்டை மறுபடி பார்த்தாள். "இங்கன இடம்னு இருக்குல்ல, அதுல எழுதியிருந்ததை ஏன் ரப்பர் போட்டு அழிச்சிருக்கே? ஆபீசுல கேப்பாகளே. காலியா விடக்கூடாது."

ஷர்மின் நோட்டை வாங்கினாள். பென்சில் முனையைப் பார்த்தாள். அழித்த இடத்தில் நிறுத்தி, அழகாக எழுதினாள்.

இடம்: எங்களுக்குத் தெரியும்.