சுண்டுவிரலுக்கு ஒரு சாண் நூல்

நூல் உருண்டை எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஊசியில் இருந்த இரண்டாவது காலுறையோ இன்னும் குதிகாலையே எட்டவில்லை.

ஆரம்பி உருண்டையையும் காலுறையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆரம்பி என்று ஒரு பெயரா என்று கேட்காதீர்கள். அது அப்பா வைத்த பட்டம். அவள் எதையும் ஆரம்பிப்பாள், எதையும் முடிக்க மாட்டாள். "வாம்மா ஆரம்பசூரி" என்று அப்பா கூப்பிடக் கூப்பிட, அது தேய்ந்து ஆரம்பி ஆகிவிட்டது. பத்து வயதில் இப்படி ஒரு பட்டம் அநியாயம்தான். ஆனால் அவளுடைய கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தவர்கள் அப்பா பக்கம்தான் பேசுவார்கள். அங்கே அப்பாவுக்கான சிவப்பு மஃப்ளர் பாதியில் கிடந்தது. தோழிக்கான பையில் குஞ்சம் இருந்தது, கைப்பிடி இல்லை. பூனைக்கு ஒரு சட்டை. அதில் ஒரு காலுக்கு மட்டும்தான் வழி இருந்தது.

இந்தக் காலுறையை மட்டும் அவள் முடித்தே ஆக வேண்டும்.

அம்மாவுக்கு மீன் கிடங்கில் வேலை. போன தடவை ஐஸ் அறையில் எட்டு நாள் பெட்டி அடுக்கிவிட்டு வந்தபோது, இடது கால் சுண்டுவிரல் நீலமாகிப்போயிருந்தது. மருத்துவமனை நர்ஸ் அதை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "இன்னொரு தடவை இப்படி உறைஞ்சா இந்த விரல் தங்காதும்மா" என்று மெதுவாகச் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்ற ஆரம்பிக்கு அது கேட்டுவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அம்மா செருப்பைக் கழற்றும்போதெல்லாம் அவள் கண் அந்த விரலுக்குத்தான் போகும்.

திங்கட்கிழமை காலை அம்மா மறுபடியும் ஐஸ் அறைக்குப் போக வேண்டும். இன்று சனிக்கிழமை.

நூல் கொடுத்தது மாமா, அம்மாவின் அண்ணன். அதே கிடங்கின் வாசலில் காவலர். உட்கார்ந்த இடத்திலேயே தக்களியைச் சுழற்றி ஆட்டு ரோமத்தை நூலாக நூற்பார். நாலு மாதம் நூற்று, ஒரே ஓர் உருண்டை கொண்டுவந்தார்.

"கடையில விக்கிறது பேருக்குத்தான் கம்பளி. இது ஈரமானாலும் சூடு போகாது. உங்கம்மா காலுக்கு மட்டும்தான். வேற எதுலயும் இதைச் சேர்க்கக் கூடாது."

இரும்பு பீரோவைத் தரையில் இழுத்தால் எப்படி இருக்கும்? மாமாவின் குரல் அப்படி இருக்கும்.

சேர்க்காமல் இருந்தாளா நம் ஆரம்பி? வெள்ளை வெளேரென்று மெத்தென்று இருந்த அந்த நூலைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. மஃப்ளரில் மூன்று பட்டை போட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பின்னிய மஞ்சள் தொப்பியின் உச்சியை இதிலேயே முடித்தாள். பைக்குக் குஞ்சம் வெட்டினாள். ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம்தானே" என்று சொல்லிக்கொண்டாள். அந்தக் கொஞ்சமெல்லாம் சேர்ந்து இப்போது அரைக் காலுறை ஆகிவிட்டது.

"என்னடி, சத்தத்தையே காணோம்? முடிஞ்சுதா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"முடியப்போகுதும்மா." திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, வலித்தாலும் வாய் திறக்க முடியவில்லை.

நாளை சாயங்காலம் மாமா வேறு பார்க்க வருகிறார். பூனை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று சொல்லிவிடலாமா? பூனை ஜன்னலில் உட்கார்ந்து அவளையே பார்த்தது. சொல்லலாம், மாமா நம்பினாலும் நம்பலாம். ஆனால் அந்தப் பொய்யால் அம்மாவின் விரலுக்குச் சூடு கிடைக்காது. மாமாவின் திட்டைவிட அந்த நீல விரல்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

'நூல் தொலைஞ்சா போச்சு? இங்கதானே இருக்கு' என்று அவளுக்குத் திடீரென்று தோன்றியது.

மஃப்ளரை எடுத்து நுனியைப் பிடித்து இழுத்தாள். மூன்று மாத வேலை மூன்று நிமிடத்தில் சரசரவென்று பிரிந்தது. மூன்று வெள்ளைத் துண்டுகள் கிடைத்தன. முடிச்சுப் போட்டு இணைக்க முடியாது. காலுறையில் முடிச்சு இருந்தால், பூட்ஸுக்குள் கல் விழுந்த மாதிரி விரலை உறுத்தும். மாமா எப்படி இணைப்பார் என்று அவள் பார்த்திருக்கிறாள். இரண்டு நுனிகளையும் பிரித்து, எச்சில் தொட்டு, ஒன்றின்மேல் ஒன்று வைத்து உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்ப்பார். அன்றைக்கு அவள் "உவ்வே" என்று ஓடியிருந்தாள். இன்றைக்கு உவ்வே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குதிகால் முடிந்து, பாதத்தின் நடுவில் நூல் தீர்ந்தது. அடுத்து தொப்பி.

கொடுத்ததை எப்படித் திருப்பிக் கேட்பது? பக்கத்து வீட்டுத் தச்சர் வாசலில் அவளுடைய கால் அசைய மறுத்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வீட்டு அக்கா வெளியே வந்தாள்.

"உள்ளயும் வராம வெளியயும் போகாம என்ன நிக்கறே?"

ஆரம்பி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நர்ஸ் சொன்னதையும் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "அந்த விரல் போயிடுமோன்னு பயமா இருக்குக்கா."

அக்கா குழந்தையின் தலையிலிருந்து தொப்பியை எடுத்து நீட்டினாள். குழந்தை போட்ட கூச்சலில் தச்சர் உளியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

ஆரம்பி அங்கேயே படியில் உட்கார்ந்து உச்சியைப் பிரித்தாள். கையோடு கொண்டுவந்திருந்த மஃப்ளரின் சிவப்பு நூலால் புது உச்சி பின்னினாள்.

"முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கணும், ஆரம்பி" என்றாள் அக்கா. கண்ணில் சிரிப்பு இருந்தது. சிவப்பு உச்சி வந்ததும் குழந்தை அதைக் கடித்துப் பார்த்துவிட்டு அழுகையை நிறுத்தியது.

மதியம் தாண்டியது. விரல்களை மூடும் கடைசி நாலு சுற்றுக்கு மறுபடியும் நூல் இல்லை. மிச்சம் இருந்தது பையின் குஞ்சம்தான். அதையும் வெட்டித் தொலைத்திருந்தாளே. ஒரு சாண் நீளத்தில் ஏழு துண்டுகள். ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினாள். பயத்தில் வாய் உலர்ந்து எச்சிலே ஊறவில்லை. தண்ணீர் குடித்துக் குடித்துத் தேய்த்தாள். கை எரிந்தது. கடைசிக் கண்ணியை இழுத்து மூடியபோது வாசலில் மாமாவின் சைக்கிள் மணி அடித்தது.

மாமா காலுறையை உள்பக்கம் திருப்பினார். கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். சுண்டுவிரல் பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"நான் ஒரே நூலாத்தானே குடுத்தேன். இதுல ஒட்டு எப்படி வந்துது?"

ஆரம்பி விரல் விட்டு எண்ணினாள். "பதினோரு ஒட்டு மாமா. வேற எதுக்கெல்லாமோ எடுத்துட்டேன். எல்லாத்தையும் பிரிச்சுத் திரும்பக் கொண்டுவந்துட்டேன்."

மாமா மறுபடியும் தடவினார். மாமாவின் தொண்டையில் பீரோ எப்போது நகரும் என்று ஆரம்பி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"முடிச்சு ஒண்ணுகூட இல்ல" என்றார் மாமா. பிறகு அம்மாவிடம், "போட்டுப் பாரு" என்று நீட்டினார்.

அம்மா காலை நுழைத்தபடி கேட்டாள். "முடிச்சு இல்லாம எதை வெச்சுடி ஒட்டினே?"

"எச்சில்மா."

அம்மாவின் கால் பாதியிலேயே நின்றுவிட்டது. மாமா சிரித்தார். அதுவும் பீரோ இழுக்கும் சத்தம்தான், ஆனால் காலி பீரோ.

திங்கட்கிழமை பள்ளியில் அவள் உடம்பு மட்டும்தான் இருந்தது. ஒட்டு விட்டுப்போனால் என்ன ஆகும்? அந்த வழியாகக் குளிர் இறங்கினால்? "ஏழு ஒம்போது எவ்வளவு?" என்று டீச்சர் கேட்டபோது, "சுண்டுவிரல்" என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் அம்மா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பூட்ஸைக் கழற்றக்கூட விடாமல் ஆரம்பி தரையில் உட்கார்ந்து அதை இழுத்தாள். காலுறையை மெல்ல உருவினாள். மூடியிருந்த கண்ணை அரைவாசி திறந்தாள்.

சுண்டுவிரல் மற்ற நாலு விரல்களின் நிறத்திலேயே இருந்தது. நம்பாமல் கையில் பிடித்துப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்குக் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டியா?"

ஆரம்பி தலையாட்டினாள்.

"இவ்வளவு நாள் மனசுலயே வெச்சுக்கிட்டிருந்தியா?" அம்மா அவள் தலையில் கை வைத்தாள். பிறகு, "சரி, விடுடி. விரல் கூசுது" என்றாள்.

கூசட்டும் என்று அவள் விடவே இல்லை.