சுஹைபின் பாஸ்வேர்டு

பாஸ்வேர்டுக்கு ஏழு எழுத்து. முடிவில் எண்டர் ஒன்று. ஆக எட்டுத் தட்டல். கதவுத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து செல்லதுரைக்குக் கேட்டது ஒன்பது.

எண்ணியதில் தவறு இருக்கலாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தேழு வாங்கித் தப்பித்தவன் அவன். திருத்துறைப்பூண்டியில் உரக்கடை மாடியில் 'கம்ப்யூட்டர் சர்வீஸ்' என்று போர்டு மாட்டிய பிறகும் அந்த முப்பத்தேழு அவனை விட்டுப் போகவில்லை. ஆனால் காது நல்ல காது. ஹார்ட்டிஸ்க் சாகப்போவதை ஓசையை வைத்தே சொல்லிவிடுவான்.

"இப்ப என்னம்மா வருது?"

"படம் ஒரு செகண்டு வருதுண்ணே. அப்புறம் சேவிங்னு போட்டு வெளிய தள்ளிருது." ஆயிஷாவின் குரல் துணி வழியே வடிகட்டி வந்தது.

ரிப்பேரான கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காமல் வாயாலேயே சரிசெய்வது அவனுக்கு இதுதான் முதல்முறை. வேறு வழியில்லை. ஆயிஷா இத்தாவில் இருந்தாள். கணவன் சுஹைப் வளைகுடாவில், தமாமில் இறந்து, அங்கேயே அடக்கமாகி, இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான்கு மாதம் பத்து நாள் முடியும்வரை வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. கம்ப்யூட்டரோ அவள் அறையில் இருந்தது. மாமனார் பக்கீர் முகம்மது உள்ளே போகலாம்தான். ஆனால் மளிகைக்கடைத் தராசைத் தவிர வேறெதையும் தொட்டுப் பழகாத அவர், மவுஸை ஒரு தடவை தொட்டதற்கே ரீசைக்கிள் பின் வரைக்கும் போய்விட்டு வந்திருந்தார்.

அதனால் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் செல்லதுரை. எதிரில் பேப்பரை விரித்துக்கொண்டு பாய். நடுவில் பச்சைத் திரைச்சீலை. வெளியே கார்த்திகை மழை. ஊருக்குப் பின்னால் சம்பா வயல்களில் நிரம்பிய தண்ணீர் தெருவுக்கே வந்துவிட்டது போல, தவளைகளின் இரைச்சல் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கே ஆறு மணி இருட்டு.

குற்றம் அவனுடையது. அதுதான் மழையிலும் அவனை முத்துப்பேட்டைக்கு பஸ் ஏற்றியது. மூன்று நாளைக்கு முன் பாய் அந்தப் பெட்டியைப் போர்வையில் சுற்றி, பிரசவத்துக்குக் கொண்டுவருவது போல ஆட்டோவில் கடைக்குக் கொண்டுவந்தார். உள்ளே வைரஸ் நெல் அவித்துக் கொட்டிய களம் மாதிரி பரவியிருந்தது. செல்லதுரை எல்லாவற்றையும் அழித்தான். உள்ளே நுழைகிறவரை உட்காரவைக்கிற ஒரு சின்ன ஃபைலுக்குள்ளும் வைரஸ் புகுந்திருந்தது. அதையும் சேர்த்து அழித்துவிட்டான். களையெடுக்கப் போனவன் நாற்றையும் பிடுங்கிய கதை. அன்றிலிருந்து பாஸ்வேர்டைப் போட்டால் உள்ளே போகிறது, மறுநொடி வெளியே தள்ளுகிறது.

"ஃபார்மட் போட்டா அரைநாள் வேலை பாய்," என்று போனில் அலட்சியமாகச் சொன்னதும் அவன்தான். அப்போதுதான் பாய் விஷயத்தைச் சொன்னார். சுஹைப் கடைசி வெள்ளிக்கிழமை நெட்டில் பேசியதை ஆயிஷா பதிந்து வைத்திருக்கிறாள். இருபது நிமிஷம். அவன் குரல் என்று உலகத்தில் மிச்சமிருப்பது அவ்வளவுதான். பெட்டியை இனி வீட்டை விட்டு வெளியே அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"பாஸ்வேர்டு ஏழு எழுத்துதானம்மா?"

"எம்பேருதாண்ணே. அவங்க வச்சது."

"எழுத்து கூட ஒண்ணு விழுந்த மாதிரி இருந்துச்சு."

"கை பட்டுருக்கும்."

"பரவால்ல. திரும்பப் போடுங்க."

தட்டினாள். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, அரிசியில் கல் பொறுக்குவது போல. ஒன்று. நீண்ட இடைவெளி. இரண்டு. அவன் விரல் மடக்கி எண்ணினான். ஏழு. எண்டர். எட்டு.

பிறகு, அவசரமே இல்லாமல், இன்னொன்று.

பாயைப் பார்த்தான். அவர் பேப்பரில் தங்கம் விலை பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குள் நாற்காலி கிறீச்சிட்டது, கனமான ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தது போல. அதே நேரத்தில் ஆயிஷாவின் வளையலற்ற கை எங்கேயோ ஜன்னல் கொக்கியை மாட்டும் ஓசை கேட்டது. அது அறையின் வேறு மூலை.

உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

யாரென்று மனசு ஓடியது. ஓடக்கூடாத பக்கமெல்லாம் ஓடியது. இரண்டு மாதம்தானே ஆகிறது என்று நினைத்தான். நினைத்த மறுகணம் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. செருப்பு வாசலில் நனைந்துகொண்டிருந்தது.

யாராவது தூரத்திலிருந்து போன் லைன் வழியாகக் கம்ப்யூட்டரை ஆட்டிவைக்கிறார்களோ? அப்படி இருக்கட்டும் என்று ஆசைப்பட்டான். படித்த சந்தேகம் கௌரவமானது.

"ஆயிஷாம்மா, பின்னாடி டெலிபோன் ஒயரு சொருகியிருக்கா? புடுங்கிடுங்க."

"புடுங்கிட்டேண்ணே."

"இப்ப மெயின் சுவிட்ச்சையே அமத்திட்டுத் திரும்பப் போடுங்க. பேரு வர்ற பக்கம் வந்ததும் என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

மின்விசிறியின் இரைச்சல், பீப், நீண்ட முனகல். "அவங்க பேரு வந்துருக்கு. கீழ சின்னதா... லாக்டு ஆன். ஒன் புரோகிராம் ரன்னிங்."

ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குத்தான் அந்த வரி வரும். இப்போதுதான் கரண்டை நிறுத்திப் போட்ட பெட்டியில் வராது. வரவே வராது. எட்டு வருஷ சர்வீசில் வந்ததில்லை.

"நல்லாப் படிங்கம்மா."

"அதான்ணே போட்டுருக்கு." குரலில் பயம் இல்லை. அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வண்டி வந்துவிட்டதா என்று கேட்பவளின் குரல் அது.

அஸர் பாங்கு ஒலித்தது. பாய் பேப்பரை மடித்தார்.

"தொழுதுட்டு ஒரு எட்டுல வந்துர்றேன் தம்பி. பொண்ணு ரிஃப்கா அடுப்படில இருக்கு. டீ போடச் சொல்லியிருக்கேன்."

"மழ விட்டதும் போங்களேன் பாய்."

"மழைக்குப் பயந்தா இந்த ஊர்ல தொழ முடியுமா?" குடையைத் தட்டினார். பிறகு வெட்கப்பட்டவர் போலச் சொன்னார்: "சத்தம் வந்துச்சுன்னா எனக்கும் கொஞ்சம் வைங்க. மவன் பேசிக் கேட்டு நாளாச்சு."

அவர் போனதும் கூடம் பெரிதாகிவிட்டது. அடுப்படியில் பாத்திர ஓசை, வீட்டின் மறுகோடியில். திரைச்சீலை மெல்ல உள்பக்கம் உறிஞ்சப்பட்டு, மெல்ல வெளியே வந்தது. காற்றாக இருக்கும். கொக்கி மாட்டிய ஜன்னலில் ஏது காற்று? அந்த அசைவோடு ஒரு வாசனையும் வந்தது: அத்தர், அதற்கு அடியில் கற்பூரம், அதற்கும் அடியில், வெயிலில் காய்ந்த ஏதோ ஒன்று. இந்த மழையில் காய்ந்தது எது? பாய் வீட்டில் கற்பூரம் எதற்கு?

முடித்துவிட்டுப் போய்விடலாம். நாலே கால் பஸ்.

பையிலிருந்து சிடியை எடுத்தான். திரைச்சீலைக்கும் தரைக்கும் நடுவில் அரை சாண் இடைவெளி. முகத்தைத் திருப்பிக்கொண்டு சிடியை அதன் வழியே தள்ளினான்.

"சிடி வச்சிருக்கேம்மா. எடுத்துப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க."

"லைட்டப் போட்டுட்டு வர்றேண்ணே." தூரத்து மூலையிலிருந்து குரல். சுவிட்ச் சொடுக்கும் ஓசை, அங்கேயிருந்துதான்.

அந்த ஓசை கேட்ட அதே கணத்தில் ஒரு கை சிடியை எடுத்தது.

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தான். கடைக்கண் கேட்கவில்லை. ஆண் கை. புறங்கையில் அடர்ந்த முடி. நகக்கண்களில் மஞ்சள் மணல். நம் பக்கத்து மண் கறுப்பு. நகத்தில் ஏறினால் சேறாகத்தான் ஏறும். இது உலர்ந்த மணல். சிடி இருந்த இடத்தில் ஒரு சிட்டிகை உதிர்ந்து கிடந்தது.

சிடி டிரைவ் திறந்தது. மூடியது.

கத்தலாம். ரிஃப்கா வருவாள், தெரு வரும், மழையோடு பள்ளிவாசலிலிருந்து பத்துப் பேர் வருவார்கள். அதன் பிறகு அந்தப் பெண் இந்த ஊரில் எப்படித் தலைநிமிர்வாள்? செல்லதுரை வாயை மூடிக்கொண்டான். கெட்ட எண்ணம் நினைத்ததற்குப் பரிகாரமாக இந்த ஒரு நல்லதைச் செய்கிறோம் என்று தனக்குள் சொல்லியும் கொண்டான். யாரோ சொந்தக்காரப் பையன். ஒளிந்திருக்கிறான். நமக்கென்ன.

"நீல ஸ்கிரீன் வருதாம்மா? ஆர் அமுக்குங்க."

அவன் 'ஆர்' என்று முடிக்கும் முன் கீபோர்டில் தட்டல் விழுந்தது.

"அமுக்கியாச்சுண்ணே."

"ஒண்ணு போட்டு எண்டர். பாஸ்வேர்டு கேட்டா சும்மா எண்டர். இப்ப நான் ஒவ்வொரு எழுத்தாச் சொல்றேன், மெதுவா—"

கீபோர்டு பொழிந்தது. தேடவில்லை, தயங்கவில்லை. பத்து விரலும் பழகிய கை. அவன் சொல்லவேண்டிய, இன்னும் சொல்லாத முழு வரியும் தகரக் கொட்டகைமேல் மழை போல ஒரே மூச்சில் கொட்டி, எண்டரில் நின்றது.

"யாரும்மா தட்டுனது?"

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது.

"ஆயிஷாம்மா. யாரு உள்ள?"

"ஃபைலு காப்பி ஆயிருச்சுன்னு வந்துருக்குண்ணே," என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "அடுத்து என்ன செய்யணும்? சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க."

சொல்லியிருக்க வேண்டாம். எழுந்திருக்கலாம். ஆனால் அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. இளகிய மனசு அவனுக்குப் பிறவிச் சீக்கு.

"சிடிய வெளிய எடுத்துட்டு ரீஸ்டார்ட்."

பீப். முனகல். வழக்கமான வரவேற்பு இசை. அடுத்து வெளியே தள்ளும் இசை வரவேண்டும். காத்திருந்தான்.

வரவில்லை.

மழை. தவளை. அடுப்படியில் கரண்டி. அந்த இசை மட்டும் வரவில்லை.

"நின்னுருச்சா?" தன்னையும் மீறிச் சந்தோஷப்பட்டான். "வாய்ஸ் ஃபைல் இருக்கா பாருங்கம்மா. அதப் போடுங்க, எனக்கும் நிம்மதி."

"அது இனிமே வேணாம்ணே."

"என்னம்மா, அதுக்குத்தானே இவ்வளவும்?"

"நீங்க சுத்தம் பண்ணிக் கொடுத்த அன்னைலேருந்து வர்றாங்கண்ணே." இப்போது அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "பாஸ்வேர்டு போட்டா வந்து உக்காருவாங்க. எம்பேர அவங்க தட்டி முடிக்கிறதுக்குள்ள அது வெளிய தள்ளிரும். போயிருவாங்க. ஒரு நாளைக்கு நாப்பது தடவை போட்டுப் பாத்தேன். இன்னைக்குத்தாண்ணே போகாம இருக்காங்க."

மூன்று நாளாக அந்தப் பெட்டி ஒரே ஒரு வேலையைத்தான் ஒழுங்காகச் செய்திருக்கிறது. உள்ளே வந்ததை வெளியே அனுப்பியிருக்கிறது.

அதையும் அவன் சரிசெய்துவிட்டான்.

"ஆயிஷாம்மா, வெளிய வாங்க." "இத்தாவெல்லாம் அப்புறம். நான் கண்ண மூடிக்கிறேன். வெளிய வந்துருங்க."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. எழுந்தது. ஒரு காலடி. மணல் நெரிபடும் ஓசை. இன்னொன்று.

"என்னங்க," என்றாள் ஆயிஷா உள்ளே. அவனிடம் அல்ல. பிறகு, சிறியதாக: "என்னங்க... ஏன் இப்படி இருக்கீங்க?"

அதன் பிறகு அவள் பேசவில்லை.

வாசலில் குடை மடங்கியது. பக்கீர் முகம்மது தலையைத் துவட்டியபடி உள்ளே வந்தார். செல்லதுரையின் முகத்தைப் பார்த்தார். அதில் தெரிந்ததை வேறாகப் புரிந்துகொண்டார். அவர் முகம் மலர்ந்தது.

"சத்தம் வந்துருச்சா தம்பி?"

வேண்டாம் என்று தலையாட்டினான். ஆடியதா தெரியவில்லை.

"வாப்பா," என்றது திரைச்சீலைக்குப் பின்னால் ஓர் ஆண் குரல். ஸ்பீக்கரின் கரகரப்பு இல்லாத குரல். மிக அருகில்.

"யா அல்லா," என்றார் கிழவர். கண் நிறைந்துவிட்டது. "நேர்ல பேசுற மாதிரியே இருக்கு." ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, பச்சைத் துணியின் ஓரத்தைப் பிடித்தார்.

செல்லதுரை கீழே பார்த்தான். அந்த அரை சாண் இடைவெளியில் ஆயிஷாவின் உள்ளங்கால்கள் தெரிந்தன, தரையில் கிடத்தியது போல அசையாமல். அவற்றுக்கு முன்னால் மஞ்சள் மணல் அப்பிய இரண்டு பெரிய பாதங்கள். கணுக்காலிலிருந்து அவிழ்ந்த வெள்ளைத் துணி தரையில் புரள, விரல்கள் இந்தப் பக்கம் பார்த்து நின்றன.