மூச்சை வச்சிட்டுப் போ

கனகநாயகம் இரண்டாம் தளத்துப் படித்திருப்பத்தில் நின்றுவிட்டார். கம்பியைப் பற்றிக்கொண்டு குனிந்தார். கழுத்திலிருந்த மூச்சுப்பட்டி மெல்லச் சீறி, ஒரு மடக்குக் காற்றை மூக்கருகே விட்டு அடங்கியது. அவர் அடுத்த மடக்குக்குக் காத்திருந்தார். அது அதற்குரிய நேரத்தில்தான் வரும்.

படிகளின் ஓரமாக நின்றிருந்த லயத்துப் பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள்.

"மூச்சை வச்சிட்டுப் போ!"

ஐந்தாம் தளத்தில், மூச்சு வாரியத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பொன்னுருவி அந்தக் குரலைக் கேட்டாள். வாரியத்தின் தலைவி அவள். கீழ்த்தளத்தில் இருந்த அலுவலகத்தை இங்கே மாற்றியவள். மின்தூக்கியில் 'பழுது' என்று எழுதி ஒட்டச் சொன்னவளும் அவளே. பட்டியின் முத்திரையைப் புதுப்பிக்க அரைமூச்சுக்காரர்கள் வாராவாரம் ஏறித்தான் ஆக வேண்டும்.

"தொரை வர்றதுக்குள்ள சோறு வடிச்சு இறக்கிறலாம் போல," என்றாள் எழுத்தர் தெய்வானை.

"மெதுவா வரட்டும். எனக்கென்ன வேலை?"

வெண்ணிலத்தில் காற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டும். சனிக்கோளைச் சுற்றும் அந்தப் பனி நிலாவில் பனிக்கட்டியை உடைத்து, உருக்கி, பிளந்தால்தான் சுவாசிக்கக் காற்று. அதை வெட்டுவதற்கென்று பூமியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம் என்றார்கள். திரும்பிப் போகக் கப்பல் வரவே இல்லை. தேயிலைத் தோட்டங்களில் கங்காணிகள் ஆள் சேர்த்த காலத்துச் சொற்கள் அந்த மக்களோடு சேர்ந்து வந்தன. அடைத்துவைத்த அறைவரிசைக்கு லயம் என்று பெயர். மேலடுக்கில் இருந்தவர்கள் தொரைமார்.

வெட்டவேண்டிய அளவை வெட்டாதவனை மாலையில் கங்காணி நிறுத்திவைப்பான். கழுத்துப்பட்டியின் திருகை அரைவாசிக்குத் திருப்புவான். "மூச்சை வச்சிட்டுப் போ" என்பான். அந்த மூச்சு குழாய்வழியே மேலே, தொரைமாரின் படுக்கையறைகளுக்குப் போகும். அங்கே பிள்ளைகள் செக்கச்செவேலென்று பிறந்தன. கீழே உதடு நீலம் பூத்துப் பிறந்தன.

ஒரு நாள் அடிமைமுறை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். திருகுகளைக் கழற்றினார்கள். இனி எல்லோரும் சமம், பழசை மறந்துவிடுங்கள் என்றார்கள்.

லயத்தார் மறக்கவில்லை. ஈடு கேட்டார்கள். தலைமுறைகள் மாறியும் கேட்டார்கள். மேலடுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னது: செய்தவர்கள் செத்துவிட்டார்கள், பட்டவர்களும் செத்துவிட்டார்கள், யார் யாருக்குக் கொடுப்பது? தொரைமாரின் பேரன்கள் பெயரை மாற்றிக்கொண்டு கலந்துவிட்டிருந்தார்கள். லயத்தாரின் பாட்டன்களுக்கோ பெயரே எழுதப்படவில்லை; பட்டி எண்தான் இருந்தது.

ஈடு கேட்டுத் திரண்ட ஒரு நாளில் ஒன்பதாம் லயத்தின் காற்றுவழி மூடிக்கொண்டது. கூட்டத்தை அடக்கச் சற்று நேரம் மூடினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருந்தவர்களில் பொன்னுருவியின் தம்பி வீரபுத்திரனும் ஒருவன். கதவைத் திறந்தபோது அவன் கதவின் அடியிடுக்கில் வாயை வைத்துக் கிடந்தான். விசாரணைக்குத் தலைமை தாங்கிய மேலடுக்குக் கனகநாயகம் ஒரே வரியில் முடித்தார்: "வால்வு இறுகிவிட்டது."

தம்பியைப் பனியில் புதைத்தபோது பொன்னுருவி அழவில்லை. அண்ணாந்து மேலடுக்கின் விளக்குகளைப் பார்த்தாள். பாட்டன்மாரிடம் கங்காணி சொன்ன அந்தச் சொற்களை முதன்முதலாக மேல்நோக்கிச் சொன்னாள். அவளைச் சுற்றி நின்றவர்கள் அதைத் திரும்பச் சொன்னார்கள்.

பிறகு எலும்புமானி வந்தது. மூச்சுக் குறைந்தாலும் மிகுந்தாலும் அது எலும்பு மஜ்ஜையில் தடமாகப் பதிகிறது, பதிந்தால் பேரப்பிள்ளைகள்வரை அழிவதில்லை என்று கண்டுபிடித்திருந்தார்கள். குதிகாலை மானியின் மேல் வைத்தால் போதும். நீல விளக்கு எரிந்தால் குறைத்தடம்: அடிமைவழி. சிவப்பு எரிந்தால் மிகைத்தடம்: தொரைவழி. பெயர் வேண்டாம், ஆவணம் வேண்டாம். சிவப்பு எரிந்தவர்களின் கழுத்தில் பட்டி மாட்டி அரைமூச்சு மட்டும். அவர்களிடமிருந்து எடுத்தது ஈட்டுமூச்சாக நீலம் எரிந்தவர்களுக்கு.

சட்டம் அவைக்கு வந்தபோது கனகநாயகம் எழுந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இனிமேல் பிறக்கும் பிள்ளைகளை மானியில் வைப்பதில்லை என்று ஒரு வரி சேருங்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?"

"எங்க பிள்ளைங்க என்ன பாவம் செஞ்சிச்சுங்க?" என்று பொன்னுருவி இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். "அதுங்களுக்கு யாருங்க அந்த வரியைச் சேத்தது?"

"மானி சொல்வதை மட்டும் நம்பி…"

"பேரை மாத்தலாம். எலும்பை மாத்த முடியாதுங்க. எலும்பு பொய் சொல்லாது."

அவை கைதட்டலில் அதிர்ந்தது. அந்த வரி அடிக்கப்பட்டது. கைக்குழந்தைகளின் கழுத்துக்கேற்ற பட்டிகளையும் செய்யச் சொல்லிப் பொன்னுருவி அன்றே உத்தரவு போட்டாள்.

இப்போது கனகநாயகம் ஐந்தாம் தளத்துக்கு ஏறி வந்துவிட்டார். முத்திரை வைத்து முடிந்தபிறகும் போகாமல் நின்றார்.

"அம்மா, என் மருமகளுக்கு இது நிறைமாசம். பேறுகாலம் வரைக்குமாவது அவளுக்கு முழுமூச்சு…"

பொன்னுருவி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். இந்த நேரத்துக்காகத்தானே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சட்டத்துல அப்படி ஒரு வரி இல்லீங்களே."

"பிள்ளைகளுக்காக ஒரு வரி சேர்க்கத்தான் நான் சொன்னேன்."

"நான் அடிக்கச் சொன்னேன். வால்வு இறுகிப்போச்சுன்னு வச்சுக்குங்க."

அவர் இறங்கிப் போனார். இறங்கும்போதும் நின்று நின்றுதான் போனார்.

அந்த மாதமே வீரபுத்திரனின் மகள் செவ்வந்திக்கு வளைகாப்பு. தகப்பன் போனபிறகு அவளை வளர்த்தது அத்தை பொன்னுருவிதான். தாய்வீட்டுச் சீரும் அவள் பொறுப்பே. ஈட்டுமூச்சு வந்த நாளிலிருந்து லயங்களில் ஒரு புதுப் பழக்கம் உண்டாகியிருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டுக்கு உறவுக்காரர்கள் தங்கள் ஈட்டுமூச்சைக் குப்பியில் பிடித்து, மஞ்சள் தடவி, தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். அதற்கு மூச்சுச்சீர் என்று பெயர். செவ்வந்திக்குக் கருத்தரித்த நாள்முதல் சீர் வந்துகொண்டேயிருந்தது. பொன்னுருவி தன் பங்கில் ஒரு துளிகூட எடுத்துக்கொண்டதில்லை.

"போதும் அத்தை, தலை கிறுகிறுங்குது," என்று செவ்வந்தி மூக்குக்குழாயைத் தள்ளினாள்.

"கிறுகிறுக்கட்டும். உங்கப்பன் கடைசியா இழுக்க முடியாமப் போனதையெல்லாம் நீ இழு."

"புள்ளை பொறந்ததும் ராக்கெட்டு மாதிரி பறக்கப் போவுது பாரு," என்றாள் மாரியாயி. ஒன்பதாம் லயத்தில் புருஷனை இழந்தவள். படிகளில் நின்று முதலில் குரல் எடுப்பவள் அவள்தான். அவளும் இரண்டு குப்பி கொண்டுவந்திருந்தாள். பெண்கள் சிரித்தார்கள். செவ்வந்தியின் கன்னம் லயத்தில் யாருமே பார்த்திராத அளவுக்குச் சிவந்திருந்தது. பொன்னுருவி அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சட்டம் வந்தபிறகு கருவாகிப் பிறந்த முதல் பிள்ளைகளில் ஒன்று செவ்வந்தியுடையது. ஆண் குழந்தை, பிறந்ததும் அழுத அழுகை நாலு வீட்டுக்குக் கேட்டது. வீரபுத்திரன் என்றே பெயர் வைத்தார்கள். மூன்றாம் நாள் மானியில் வைக்கத் தூக்கிப் போனார்கள்.

மானி பார்க்கும் பெண் குழந்தையின் குதிகாலை வைத்தாள். சிவப்பு எரிந்தது.

"தொடைச்சிட்டு வையம்மா," என்றாள் பொன்னுருவி.

துடைத்து வைத்தாள். சிவப்பு. வேறொரு மானியில் வைத்தாள். அதிலும் சிவப்பு.

"உன் மானி கெட்டுப்போச்சு."

"கெடலைங்க." அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "இது யாரு வீட்டுப் புள்ளைன்னு பாக்காதுங்க. வயித்துல இருக்கையில எவ்வளவு மூச்சு போச்சுன்னுதான் பாக்கும். புதுசாப் பதிஞ்சா பழைய வழித்தடத்தை அது மூடிரும். இந்தப் புள்ளைக்கு நெறையப் போயிருக்கு. தொரைமார் வீட்டுப் புள்ளைங்களுக்குப் போன மாதிரி."

செவ்வந்தி அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் இழுப்பறையைத் திறந்து மிகச் சின்னதாக ஒரு பட்டியை எடுத்தாள்.

சட்டத்தைத் திருத்தும் தீர்மானத்துக்கு இரண்டு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு கையெழுத்து வேண்டும். அன்றே பொன்னுருவி மேலடுக்குக்குப் போய்க் கனகநாயகத்தின் கதவைத் தட்டினாள். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அந்த வரியைச் சேத்துறலாங்க. நீங்க சொன்னதுதான். பொறக்குற புள்ளைங்களை மானியில வைக்க வேணாம்."

உள்ளறையில் ஒரு குழந்தை சிணுங்கியது. கனகநாயகம் பட்டி சீறும்வரை காத்திருந்து பேசினார்.

"என் பேரன் போன வாரம் பிறந்தான். உதடு நீலம். நீல விளக்கு எரிந்தது." இன்னொரு மடக்கு. "சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லையே, அம்மா."

"பச்சப்புள்ளைங்க. அதுவும் நீங்க படிச்சவரு…"

"இன்று காலை அவனுக்குரிய ஈட்டுமூச்சு வந்தது. யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்டதில்லை." அவர் சிரிக்கப் பார்த்தார். காற்று போதாமல் அது இருமலாக முடிந்தது. "இப்போதைக்கு என்னால் இவ்வளவுதான் சிரிக்க முடிகிறது. என் பேரன் வளர்ந்து மிச்சத்தைச் சிரிப்பான்."

மறுவாரம் முத்திரை வைக்கச் செவ்வந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐந்து தளமும் ஏற வேண்டியிருந்தது; பொன்னுருவியும் கூடப் போனாள். மின்தூக்கியில் ஒட்டியிருந்த தாளைப் பொன்னுருவி கிழித்துப் பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். நெடுநாள் ஓடாமல் கிடந்தது உண்மையிலேயே பழுதாகியிருந்தது.

பாதிப் படியில் லயத்துப் பெண்கள் வழக்கம்போல் நின்றிருந்தார்கள். பொன்னுருவியைக் கண்டு வழிவிட்டார்கள். துணி விலகிக் குழந்தையின் கழுத்துப் பட்டி தெரிந்ததும் அப்படியே நின்றார்கள்.

"இது யாருன்னு தெரியுதில்ல? வீரபுத்திரன் பேரன்டி!" என்றாள் பொன்னுருவி. "சீர் மூச்சுதான் இப்படிப் பண்ணிருச்சு. வயித்துப்புள்ளைக்காரிங்க யாரும் அதைத் தொடாதீங்க."

"உங்க வீட்டுல குப்பி குப்பியா இறங்குனப்ப இதைச் சொல்லலியே," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். "இப்ப எங்க முறை வர்றப்ப வேணாங்கிறீங்களாக்கும்."

மாரியாயி குழந்தையின் அருகே வந்தாள். சிவந்த கன்னத்தைப் பார்த்தாள். வளைகாப்பன்று தான் கொண்டுபோன இரண்டு குப்பி அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் ஒரு கணம் இளகி, பிறகு இறுகியது.

"எலும்பு பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க அக்கா?"

"மாரியாயி…"

மாரியாயி ஓரடி பின்வாங்கி மற்றவர்களோடு சேர்ந்து நின்றாள். பொன்னுருவி சொல்லிக்கொடுத்த அதே இழுப்போடு, முதல் குரலை எடுத்தாள்.

"மூச்சை வச்சிட்டுப் போ!"

மற்றவர்களும் சொன்னார்கள். குழந்தை பயந்து அழ வாயைத் திறந்தது. காற்று இன்னும் வரவில்லை.